பலகைக்குப் பின்னால் இருக்கும் சுவர்: வீட்டுப் பழுதுபார்ப்புக்கு ஒப்பந்ததாரரை அமர்த்துவது எப்படி?

ஓசூர் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தால் வருவது சந்தாபுரா. அங்கே ஆனேக்கல் சாலை பிரிகிறது. நேராகச் சென்றால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் தமிழ்நாட்டு எல்லையும் ஓசூரும். சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இவ்வட்டாரத்திலேயே மனை வாங்கி வீடு கட்டியும், அடுக்ககங்களில் குடியேறியும் நிலைத்துவிட்டன. அவ்வீடுகளுக்கும் இப்போது வயதாகிறது. மாடிச் சுவரில் விரிசல், குளியலறைக்கு அடுத்த அறையில் ஓதம், பொரிந்து உதிரும் சுண்ணப்பூச்சு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியிருப்பதால், பெரிய அறையைத் தடுத்து இரண்டாக்கி ஒரு பகுதியை வாடகைக்கு விடலாமே என்ற எண்ணமும் சிலருக்கு எழுகிறது.

வீடு கட்டும்போது பொறியாளர், வரைபடம், வங்கியின் மதிப்பீட்டாளர் என்று பல கண்கள் வேலையைப் பார்க்கின்றன. பழுதுபார்க்கும்போது அவை எவையும் இல்லை. பக்கத்து வீட்டில் வேலை செய்த மேஸ்திரியை அழைக்கிறோம், அவர் சுவரைத் தட்டிப் பார்த்து ஒரு தொகை சொல்கிறார், முன்பணம் கைமாறுகிறது. பெரும்பாலான வேலைகள் இப்படியே தொடங்கி நல்லபடியாகவே முடிகின்றன. முடியாமற்போகும் வேலைகளிலோ இரண்டு குறைகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். ஒன்று, கோளாறு எங்கே என்று அறியாமலே வேலை தொடங்கியிருக்கும். மற்றொன்று, செய்த வேலையைவிடக் கொடுத்த பணம் முன்னால் ஓடியிருக்கும். இவ்விரண்டையும் தவிர்ப்பது பற்றியே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் நீர் எங்கிருந்து வருகிறது?

ஓதம் ஏறிய சுவருக்கு இன்று எளிதாகச் சொல்லப்படும் மருந்து ஜிப்சம் பலகை. கறை படிந்த சுவருக்கு முன்னால் இரும்புச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் பலகை அடித்து, பட்டி பார்த்து வண்ணம் பூசிவிட்டால் மூன்றே நாளில் அறை புதிதாகிவிடும். ஆனால் நீர் பின்னால் வந்துகொண்டேதான் இருக்கும். பலகையின் இருபுறமும் ஒட்டப்பட்டிருப்பது காகிதம். காற்றோட்டமில்லாத இடுக்கில் ஈரம் பட்டால் அதில் பூஞ்சை பிடிக்கும். நோய் வெளியே தெரியும்போது பலகை, சட்டம், வண்ணம் எல்லாவற்றையும் பிரித்தெடுக்க நேரும். ஓதத்தை மறைக்கப் பலகை அடிப்பதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

நீரின் ஊற்றைக் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கறையின் காலமும் இடமுமே பாதி விடையைச் சொல்லிவிடும். மழைக்காலத்தில் மட்டும் தோன்றி வேனிலில் காய்ந்துபோகும் கறைக்குக் காரணம் மொட்டைமாடியிலோ வெளிச்சுவர் விரிசலிலோ இருக்கும். ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருக்கும் கறைக்குக் குழாயையோ குளியலறைத் தரையையோ ஐயுறலாம். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை மட்டும் வரிசையாக உப்புப் பூத்திருந்தால், அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்று கொள்ளலாம்.

ஐயம் தீராவிடில் சோதித்துப் பார்க்கலாம். இரவில் குழாய்கள் அனைத்தையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாயில் கசிவு உண்டு. குளியலறையின் வடிகாலை அடைத்து ஓரிரு அங்குலம் நீர் தேக்கி 24 மணி நேரம் விட்டுவைத்து, கீழ்த்தளக் கூரையைப் பாருங்கள். மொட்டைமாடிக்கும் இதே முறை பொருந்தும். சுவரில் ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாள் ஒன்றை நாற்புறமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒருநாள் விட்டால், தாளின் பின்புறம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறம் நின்றால் அறைக் காற்றின் ஈரமே காரணம்.

விரிசலுக்கும் இவ்வாறே. பெங்களூரு வட்டாரத்தில் செங்கல்லைவிடச் சாலிட் பிளாக் எனப்படும் கான்கிரீட் கட்டிகளே சுவருக்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. கட்டிச் சுவரும் கான்கிரீட் உத்தரமும் சந்திக்கும் கோட்டில் மயிரிழை விரிசல் விடுவது மிக இயல்பு. இரண்டு பொருள்களும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதே காரணம். அவ்விடத்தில் பூச்சைக் கொத்தி, கம்பிவலை வைத்து மீண்டும் பூசினால் போதும். ஆனால் கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடி நாளுக்கு நாள் அகலும் விரிசல் வேறு வகை. தூணிலோ உத்தரத்திலோ விழும் விரிசல் அதனினும் தீவிரமானது. இவற்றுக்கு மேஸ்திரியை அழைக்கும் முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவது நலம். அவருக்குத் தரும் கட்டணம் வீண்செலவன்று.

அடுக்ககத்தில் வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016இன் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்திறத்திலோ தரத்திலோ குறை தெரிந்து அதனைக் கட்டுநருக்கு அறிவித்தால், 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தருவது அவர் கடமை. செய்யத் தவறினால் கர்நாடக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகலாம். நான்கு ஆண்டே ஆன வீட்டின் கசிவுக்குத் தம் பணத்தைச் செலவிட்டபின் இதனை அறிபவர்கள் உண்டு. வேறொருவர் சுவரைக் கொத்திய பிறகு, குறை யாருடையது என்ற வாதம் எழுவதும் எளிது. ஆகவே முதலில் எழுத்து மூலம் கட்டுநருக்கு அறிவியுங்கள். பிறகே ஒப்பந்ததாரரைத் தேடுங்கள்.

ஜிப்சம் தடுப்புச் சுவர்: எங்கே நன்று, எதனைப் பார்ப்பது?

ஈரமில்லாத இடத்தில் ஜிப்சம் பலகை மிக நல்ல பொருள். அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்றார். அங்கே வீட்டின் உட்சுவர் என்றாலே பெரும்பாலும் இதுதான். நம் வீடுகளில் கூரைக்கடியில் அடிக்கும் ஃபால்ஸ் சீலிங்காகவே இது முதலில் அறிமுகமாயிற்று. தடுப்புச் சுவராக வருவது பிறகே. சுண்ணாம்புக் கட்டிதானே, உடைந்துவிடாதா என்று கேட்போர் பலர். தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் சுவரை நம்ப நம் மனம் எளிதில் இசைவதில்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013இல் கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சப் பாளங்களால் இருமாடி வீடே கட்டிக் காட்டினார்கள். அது வேறு வகைப் பாளம், உள்ளே கான்கிரீட்டும் நிரப்பப்படுவது. எனினும் ஜிப்சம் என்றாலே வலுவற்றது என்ற எண்ணம் சரியன்று என்பதற்கு அது சான்று.

தடுப்புச் சுவராக இதன் முதன்மை நன்மை எடைக் குறைவு. நான்கு அங்குல சாலிட் பிளாக் சுவர் இருபுறப் பூச்சுடன் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ இருக்கும். இருபுறமும் ஒரு பலகை அடித்த ஜிப்சம் சுவர் ஏறக்குறைய 25 கிலோ. மாடியறையில் 12 அடி நீளம், 10 அடி உயரத்தில் தடுப்பு எழுப்புவதாகக் கொள்வோம். பிளாக் சுவரானால் 2,800 கிலோவுக்கு நெருங்கிய பாரம், கீழே உத்தரம் இல்லாத தளத்தின்மேல் நிற்கும். பலகைச் சுவரானால் 300 கிலோவுக்குள். வாடகைக்காக அறையைத் தடுக்க விரும்புவோர் இந்த ஒரு கணக்கை மனத்தில் கொண்டாலே போதும்.

பலகைக்கு ஐ.எஸ். 2095 என்ற இந்தியத் தரநிலை உண்டு. சுவருக்குப் பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர் தடிமனே பயன்படும். சாதாரணப் பலகை வெள்ளை அல்லது தந்த நிறக் காகிதத்துடன் இருக்கும். ஈரம் தாங்கும் வகை பெரும்பாலும் பச்சை, தீயை நெடுநேரம் தாங்கும் வகை இளஞ்சிவப்பு. சமையலறை, குளியலறை வெளிப்புறம் போன்ற இடங்களில் பச்சைப் பலகையே வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஈரம் தாங்கும் என்றால் அவ்வப்போது படும் ஈரத்தைத் தாங்கும் என்பதே பொருள். ஒழுகும் நீரை எந்தப் பலகையும் தாங்காது.

வேலையின் தரம் பலகைக்குள் மறைந்துவிடுவதால், மூடும் முன் பார்க்க வேண்டியவற்றை அப்போதே பார்த்தாக வேண்டும். நிற்கும் சட்டங்களுக்கு இடையே 600 மில்லிமீட்டருக்கு, அதாவது இரண்டடிக்கு, மேற்பட்ட இடைவெளி இருக்கக் கூடாது. சட்டம் துத்தநாகம் பூசிய தகட்டாலானதாக இருக்க வேண்டும். மெல்லிய தகட்டை விரலால் அழுத்தினாலே நெளியும். பேச்சொலி அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாதென்றால் இடையில் கண்ணாடி இழைப் பஞ்சோ பாறைப் பஞ்சோ வைக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறையில் இதனைத் தவிர்ப்பது பொய்ச் சிக்கனம். தொலைக்காட்சி, புத்தக அடுக்கு, துணி மாட்டும் கம்பி எங்கே வரும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, அவ்விடங்களில் பின்னால் பிளைவுட் பலகை பொருத்தச் சொல்லுங்கள். மூடியபின் வெறும் ஜிப்சத்தில் திருகாணி நிற்காது. பலகையின் அடி விளிம்பு தரையைத் தொடாமல் சுமார் 10 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் தரையை நீர்விட்டுக் கழுவும் வழக்கம் இருக்கிறது. தரையைத் தொட்ட பலகை திரிபோல நீரை உறிஞ்சி மேலேற்றும். இந்த இடைவெளியை மறைக்க டைல் பட்டை போதும்.

மின்கம்பிகள் குழாய்க்குள் செல்கின்றனவா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். பலகை வேலை செய்பவரே மின்வேலையையும் சேர்த்து முடித்துத் தருவதாகச் சொல்வது வழக்கம். கர்நாடகத்தில் மின் ஆய்வுத் துறை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்கள் உண்டு. அவர்களைக் கொண்டே கம்பி இழுக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், அடிக்கோல் ஒன்றைச் சட்டத்தின் அருகே பிடித்து, ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சுவரில் ஆணியடிக்கவும் உதவும். வழக்கென்று வந்தால் அதற்கும் உதவும்.

யாரை அமர்த்துவது, எம்முறையில்?

சந்தாபுராவில் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதன்று. கொத்து வேலைக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மேஸ்திரிகளும் வட கர்நாடகத்தவரும், ஜிப்சம் வேலைக்குப் பெரும்பாலும் வட மாநிலத்தவரும் இருக்கிறார்கள். தமிழ் பேசுபவர் என்பதால் மட்டும் ஒருவரை நம்புவதும், பேசாதவர் என்பதால் ஐயுறுவதும் பயனற்றவை. அவர் ஒரு மழைக்காலத்துக்கு முன் முடித்த வேலை ஒன்றை நேரில் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. சென்ற மாதம் முடித்த வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சொன்ன நாளில் முடித்தாரா? குறை சொன்னபோது திரும்ப வந்தாரா? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையே முக்கியமானது.

அமர்த்தும் முறைகள் மூன்று. நாட்கூலிக்கு ஆள் வைத்து நாமே வேலை வாங்குவது ஒன்று. பொருளை நாம் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் சதுரஅடிக் கணக்கில் பேசுவது இன்னொன்று. பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாக ஒப்படைப்பது மூன்றாவது. முதல் முறை மலிவாகத் தோன்றும். ஆனால் அதில் சட்ட நுட்பம் ஒன்று உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ‘சேவை’ என்பதிலிருந்து தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தத்தை விலக்கியிருக்கிறது. நம் ஏவலின்படி நாட்கூலிக்கு வேலை செய்தவர்மீது சேவைக் குறைபாட்டுப் புகார் நிற்பது கடினம். இன்ன வேலையை இன்ன தொகைக்கு இன்ன தரத்தில் முடித்துத் தருகிறேன் என்று பொறுப்பேற்கும் ஒப்பந்ததாரரின் நிலை வேறு. ஒரு நாள், இரண்டு நாள் வேலைக்கு நாட்கூலி தவறில்லை. அதற்கு மேற்பட்டதை ஒப்பந்தமாகச் செய்வதே பாதுகாப்பு.

விலைப்புள்ளியில் ஜி.எஸ்.டி. என்று 18 விழுக்காடு சேர்த்திருந்தால், 15 இலக்கப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சரிபாருங்கள். கர்நாடகத்தில் பதிந்தவர் எண் 29 என்றும், ஓசூரிலிருந்து வரும் தமிழ்நாட்டுப் பதிவு 33 என்றும் தொடங்கும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த சேவையாளர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவில்லாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. பதிவில்லை என்பதே ஒருவர்மீது குறையாகாது. நல்ல மேஸ்திரிகள் பலர் அவ்வாறே இருக்கிறார்கள்.

ஒரு தாளில் எழுத வேண்டியவை

வாய்ச்சொல் ஒப்பந்தமும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி பொதுவாகச் செல்லுபடியாகும். ஆனால் பேசியது என்ன என்று மெய்ப்பிப்பதுதான் அரிது. இருவரும் கையொப்பமிட்ட ஒரே ஒரு தாள் போதும். ஒப்பந்ததாரர் படிக்கத் தெரிந்த மொழியில், கன்னடமோ தமிழோ இந்தியோ, அது இருக்க வேண்டும். விளங்காத ஆங்கிலத்தில் எழுதிய தாள் இருவருக்கும் பயன்படாது.

சச்சரவு பெரும்பாலும் எழுவது அளவில். ‘சதுரஅடிக்கு இவ்வளவு’ என்று பேசும்போது, கதவு சன்னல் திறப்புகளைக் கழிப்பதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுரஅடி. கதவு 21, சன்னல் 16, ஆக 37 சதுரஅடியைக் கழித்தால் 403. பூச்சுக்குச் சதுரஅடிக்கு 60 ரூபாய் என்று கொண்டால் ஓர் அறைக்கு 2,220 ரூபாய் வேறுபாடு. ஐந்து அறைக்கு 11,100. ஐ.எஸ். 1200 என்னும் இந்தியத் தரநிலையில் இதற்கு நெறி உண்டு. பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இருபுறமும் பூசும் சுவரில் ஒரு புறத்துக்கு மட்டும் கழிவு. திறப்பின் பக்கவாட்டுப் பூச்சு தனியே சேர்க்கப்படாது. அதற்கும் மேற்பட்டால் இருபுறமும் கழித்து, பக்கவாட்டைச் சேர்த்துக்கொள்வது. திறப்பின் ஓரங்களைப் பூசுவதற்கும் உழைப்பு வேண்டும் என்பதால் அமைந்த நடுநிலையான முறை இது. இதனை ஏற்பதாயினும் வேறு முறையாயினும், வேலைக்கு முன்பே எழுதிவிடுங்கள். ஜிப்சம் தடுப்புச் சுவரில் ஒரு முகத்தை மட்டும் அளப்பதா, இரண்டையும் அளப்பதா என்பதையும் எழுத வேண்டும். தொகை இரட்டிப்பாகும் இடம் அது.

இவற்றோடு, பயன்படுத்தும் பொருளின் வகையும் தடிமனும், வேலை முடியும் நாள், இடிபாட்டை யார் செலவில் எங்கே அகற்றுவது என்பன இடம்பெற வேண்டும். இடிபாட்டைச் சாலையோரத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டிவிட்டுச் சென்றால், அக்கம்பக்கத்தாரும் நகராட்சியும் வீட்டுக்காரரையே கேட்பார்கள். சந்தாபுராவுக்கே உரிய இன்னொரு செலவு நீர். சிமெண்டுப் பூச்சைக் குறைந்தது ஏழு நாளாவது நனைத்து ஈரம் காக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு வற்றும் கோடையில் டாங்கர் நீரை யார் வாங்குவது என்று பேசாவிட்டால், நனைப்பது இரண்டாம் நாளே நின்றுவிடும், பூச்சு வெடிக்கும். வேலைக் காலத்தைக் குறிக்கும்போது பொங்கல், உகாதி, ஹோலி, ஆயுத பூஜை, தீபாவளி ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குச் சென்ற ஆட்கள் சொன்ன நாளில் திரும்புவார்கள் என்று யாரும் உறுதி கூற இயலாது.

பணம் வேலைக்குப் பின்னால் வரட்டும்

மொத்தம் 2,40,000 ரூபாய்க்கு ஒரு வேலை என்று கொள்வோம்: குளியலறைக் கசிவை நிறுத்துவது, மூன்று சுவர்களில் பழைய பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசுவது, ஓர் அறையில் ஜிப்சம் தடுப்பு, இறுதியாக வண்ணம். தொடக்கத்தில் 24,000 ரூபாய். கசிவு நின்று, 24 மணி நேரம் நீர் தேக்கிப் பார்த்த பின் 72,000. பூச்சு முடிந்து நனைத்துக் காய்ந்தபின் 72,000. தடுப்பும் வண்ணமும் முடிந்ததும் 48,000. எஞ்சிய 24,000, அதாவது பத்தில் ஒரு பங்கு, ஒரு மழை கண்ட பிறகு.

எதற்காக இவ்வளவு நுணுக்கம்? வேலை பாதி முடிந்த நிலையில் 1,90,000 ரூபாய் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரருக்கு வரவேண்டியது 50,000. செய்ய வேண்டிய வேலையோ 1,20,000 ரூபாய் மதிப்புடையது. வேறோரிடத்தில் புதிய வேலைக்கு முன்பணம் கிடைத்தால், அவர் அங்கே செல்வதற்குத் தீயவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. புதிதாக வருபவரும், பிறர் விட்ட வேலையை ஏற்கக் கூடுதலாகவே கேட்பார். ஆகவே கட்டண வரிசைதான் ஒப்பந்தத்தின் உயிர். மற்ற நிபந்தனைகள் அதற்குத் துணை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சிறு ஒப்பந்ததாரருக்கு வங்கிக் கையிருப்பு பெரிதாக இராது. சனிக்கிழமை மாலை ஆட்களுக்குக் கூலி பட்டுவாடா செய்தே ஆக வேண்டும். பத்து விழுக்காடு முன்பணத்தில் பலகையும் சிமெண்டும் வாங்க முடியாது என்று அவர் சொன்னால் அது நியாயமே. அதற்கு வழி, முன்பணத்தை உயர்த்துவதன்று. கடைக்காரருக்கு நாமே நேராகப் பணம் செலுத்தி, பட்டியலை நம் பெயரில் பெற்று, அத்தொகையை அடுத்த கட்டத்தில் கழித்துக்கொள்வது. வாரக் கூலிக்கென்று கேட்டால் கொடுக்கலாம். ஆனால் எக்கட்டத்தின் கணக்கில் கொடுத்தோம் என்று அன்றே குறித்து, அவருக்கும் செய்தி அனுப்பிவிடுங்கள். கட்டம் முடிந்ததும் தாமதியாமல் கொடுப்பது நம் கடமை. முடிந்த வேலைக்குப் பணத்தை இழுத்தடிக்கும் வீட்டுக்கு நல்ல மேஸ்திரி இரண்டாம் முறை வரமாட்டார்.

இறுதித் தவணைக்கு மழையைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழை பெய்யும். சனவரி முதல் மார்ச்சுக்குள் மொட்டைமாடி வேலையை முடித்தால், கோடை மழையிலேயே அதன் தரம் தெரிந்துவிடும். நிறுத்திவைத்த தொகைக்கு நாளும் வரையறுத்து எழுதுங்கள். ‘மே 31க்குள் கசிவில்லையெனில் சூன் 5க்குள் தரப்படும்’ என்று இருந்தால் ஒப்பந்ததாரரும் மனமொப்புவார்.

பணத்தை வங்கிக் கணக்கு, காசோலை, யு.பி.ஐ. வழியே செலுத்துவதே நன்று. ஒவ்வொரு தவணையும் தானே சான்றாகிவிடும். ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே பரிவர்த்தனைக்காகவோ 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது, தண்டம் பெறுபவருக்கு. கைப்பேசி விளம்பரத்தில் மட்டும் அறிமுகமாகி, வீட்டை வந்து பாராமலே ‘இடம் பிடித்து வைக்க’ முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கடன் பெற்றுச் செய்வதாயின், வீட்டைப் பிணையாகக் கொண்ட பழுதுபார்ப்புக் கடனோ, நடப்பு வீட்டுக்கடனின் மேல் கூடுதல் கடனோ, தனிநபர் கடனைவிடப் பொதுவாகக் குறைந்த வட்டியில் கிடைக்கும். பொறியாளரின் மதிப்பீடும் வீட்டுப் பத்திரங்களும் கேட்கப்படும். தொகையும் பெரும்பாலும் வேலை முன்னேற முன்னேறத் தவணையாகவே விடுவிக்கப்படும். வாடிக்கையாளர் சிலர் இதனைத் தொல்லையாகக் கருதுகிறார்கள். உண்மையில், ஒப்பந்ததாரரிடம் ‘வங்கி விடுவித்தால்தான் தர இயலும்’ என்று சொல்ல அது வாய்ப்பளிக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் வங்கி முக்கிய விவரக் குறிப்பு ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டியோடு கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கடன்களை ஒப்பிட அந்த எண்ணையே பாருங்கள். வீட்டுக்கடன் நிலுவையில் உள்ள வீட்டில் சுவரை இடிப்பது, தளம் சேர்ப்பது போன்ற கட்டமைப்பு மாற்றங்களை வங்கிக்கு அறிவிக்க வேண்டும் என்பது கடன் ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. ஜிப்சம் தடுப்பும் பூச்சும் பொதுவாக அவ்வகையில் சேரா. எனினும் ஐயமிருந்தால் கிளையில் கேட்டுவிடலாம்.

வேலை நின்றுபோனால்

முதலில் ஒப்பந்ததாரருக்கு எழுத்தில், தேதியிட்டு, செய்யாமல் விட்டவை இன்னின்ன, இந்நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று அறிவியுங்கள். கைப்பேசிச் செய்தியும் ஏற்கத்தக்க சான்றே. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழுடன் நீதிமன்றத்தில் முன்வைக்க வழி தருகிறது. ஆதலால் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். கைப்பேசி மாற்றும்போதும் காத்துவைத்துக்கொள்ளுங்கள். வேறொருவரைக் கொண்டு மிச்ச வேலையை முடிக்கும் முன், இருக்கும் நிலையைப் படமெடுத்து, பொறியாளர் ஒருவரிடம் அளவுக் குறிப்பும் பெற்றுவிட வேண்டும். புதிய வேலை மேலே ஏறிவிட்டால் பழைய குறையை யாரும் காண இயலாது.

தீர்வு கிடைக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கும் தீராததை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வீட்டுக் கட்டுமானம் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவையே என்பதை லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரையெனில் கட்டணமே இல்லை. ஒப்பந்ததாரர் ஓசூரில் இருந்தாலும், முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கையொப்பமிட்ட தாள், தவணைகளைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, மூடும் முன் எடுத்த படங்கள், தேதியிட்ட அறிவிப்பு ஆகியவற்றை மனுவுடன் இணைக்க வேண்டும். கணக்கு அறிக்கையைக் கிளையிலோ வங்கியின் கைப்பேசிச் செயலியிலோ பெற்றுக்கொள்ளலாம்.